தாராளச் சந்தை அணிக்கு வெங்காயச் சட்னி

"நான் சந்தைன்னு சொல்றது நாட்டுக்கு, சுகந்தி. வீட்டுக்கு இல்ல." இவர் இதைச் சொல்வது மூன்றாவது தடவை. காலையில் வாயில் பேஸ்ட் நுரையோடு ஒரு தடவை, மத்தியானம் ரசம் சாதத்துக்கு நடுவில் ஒரு தடவை, இப்போது சமையலறை வாசலில் நின்று சட்டைக் கையை மடித்துக்கொண்டே ஒரு தடவை. ஒரு சொல்கூட மாறவில்லை, மேடையில் பேசிப் பேசி வந்த பழக்கம். நான் என்ன பெரிதாகக் கேட்டுவிட்டேன்? என்னோடு கான்வென்ட்டில் படித்த ஸ்டெல்லா காந்திபுரத்தில் பயிற்சி மையம் நடத்துகிறாள், காலேஜ் முடித்து வேலை தேடுகிற பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பேசச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமாம், வாரத்தில் நாலு நாள், சனிக்கிழமையும் சேர்த்து. இன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குள் சரி என்றால் வேலை எனக்கு, நாலைத் தாண்டினால் வேறு ஒருத்திக்கு. போகட்டுமா என்று இவரைக் கேட்டேன். கேட்டதுதான் தப்பு, அறிவித்திருக்க வேண்டும், இவர் பம்புசெட் பட்டறையை விற்றுவிட்டு வந்து சோபாவில் உட்கார்ந்து அறிவித்தாரே அந்த மாதிரி. வீட்டில் ஆள் இருக்க வேண்டாமா என்கிறார். என் உழைப்பை விற்க நான் தயார், வாங்க ஸ்டெல்லா தயார், நடுவில் நீங்க யாருங்க, கவர்மெண்டா என்றேன். அதற்குத்தான் இந்தப் பதில். இவர் சொல்லச் சொல்ல நான் எழுதி, பிழை திருத்தி, முக்குக் கடையில் ஜெராக்ஸ் எடுத்து வந்த கட்சி அணி அறிக்கையின் முதல் வரி என்ன? விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே மூன்றாவது ஆளுக்கு வேலையில்லை. அந்த மூன்றாவது ஆள் இப்போது என் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறார், சட்னிக்கு வெங்காயம் போதுமா என்று கேட்கிறார், காலிங் பெல் அடித்ததும் முகத்தில் வேறு ஒரு சிரிப்பைப் போட்டுக்கொண்டு போகிறார். மணி இரண்டரை. ஒரு கிலோ சின்ன வெங்காயம் உரிக்காமல் கிடக்கிறது.

உரிக்கிறேன், வேறென்ன செய்ய, உரிக்கும்போதுதான் கோபம் ஒழுங்காக வருகிறது, அழுகிறேனா என்று யாரும் கேட்க மாட்டார்கள். வாசலில் செருப்புகள் சேருகிற சத்தம். இன்று இரண்டாவது சனிக்கிழமை, அணிக் கூட்டம், இவரையும் சேர்த்துப் பதின்மூன்று பேர், எப்போதும் பதின்மூன்று பேர்தான், அதுதான் மொத்த அணியே. தேச மரபுக் கட்சி என்று பெயர் பெரிது, உள்ளே இரண்டு கோஷ்டி. பண்பாட்டு அணி என்று ஒன்று, அவர்களுக்கு எந்தத் தெருவில் எந்தக் கடை இருக்கலாம், பெண்பிள்ளைகள் எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம், கல்யாண மண்டபத்தில் என்ன பாட்டுப் போடலாம் என்பதெல்லாம் கவலை. தாராளச் சந்தை அணி நம்முடையது, வரி குறையவேண்டும், லைசென்ஸ் ஒழியவேண்டும், அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக உட்காரவேண்டும். இவர்கள் அவர்களைப் பஜனை கோஷ்டி என்பார்கள், அவர்கள் இவர்களை ரேட் கோஷ்டி என்பார்கள், தேர்தல் வந்தால் இரண்டும் ஒரே ரோஜா மாலைக்குள் தலையை விட்டுக்கொண்டு பல்லைக் காட்டும். இவர்தான் மாவட்ட அமைப்பாளர், பலராமன் பி.ஈ., ஒன்பது வருஷமாக. பட்டறை பிறந்தது அரசுத் தொழிற்பேட்டை ஷெட்டில், வளர்ந்தது மானியத்தில், சீன மோட்டார் வந்து மார்க்கெட்டில் இறங்கியதும் இறக்குமதியைத் தடை செய் என்று டெல்லிக்குப் போன மனுவையும் நான்தான் எழுதினேன், அதுவும் இவர் சொல்லச் சொல்லத்தான். ஏங்க, இது நம்ம கொள்கைக்கு இடிக்குதே என்று அப்போதே கேட்டேன். அது வேற என்றார். அது வேற, அது வேற. இந்த வீட்டில் உப்புக்கு அடுத்தபடி அதிகம் செலவானது அந்தச் சொல்தான். வாசலில் இளநீர்க்காரர் விலை ஏற்றினால் கொள்ளை, பட்டறையில் இவர் விலை ஏற்றினால் தேவையும் அளிப்பும், கேட்டால் அது வேற. இந்தா, ஒரு வெங்காயம் உள்ளே அழுகல், வெளியே பளபளவென்று சிவப்பு, எவ்வளவு அழகான தோல்.

இப்போது சிரிப்பு வரக்கூடாது ஆனால் வருகிறது, ஹாலில் முதல் தீர்மானம் வாசிக்கிறார்கள், வெங்காய ஏற்றுமதிக்கு எந்தக் கட்டுப்பாடும் கூடாதாம், விலையை விளைவித்தவரே தீர்மானிக்க வேண்டுமாம். உரிப்பவரைப் பற்றித் தீர்மானத்தில் ஒன்றும் இல்லை, நான்தானே டைப் அடித்தேன், எனக்குத் தெரியாதா. மிளகாயும் புளியும் வாணலியில் போட்டாயிற்று, வெங்காயம் வதங்கட்டும், உருளைக்கிழங்கு மசித்து உருட்டியாயிற்று. கடலைமாவு கரைக்கக் கரைக்க நெஞ்சில் ஒரு பயம் கட்டிக்கட்டியாக மிதக்கிறது, இதைப் பார்க்க வேண்டாமென்றுதான் காலையிலிருந்து இவரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன் போல. ஐம்பத்து மூன்று வயது. இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் நாற்பது பேர் முன்னால் நிற்கவேண்டும். இருபத்தொன்பது வருஷமாக என் இங்கிலீஷ் எங்கே இருந்தது? கேஸ் கம்பெனிக்குப் போன் செய்யும்போது எட்டிப்பார்த்தது, மகள் தீப்தியின் ஸ்கூல் மீட்டிங்கில் இரண்டு வாக்கியம் பேசியது, அவளும் ஹைதராபாத் போனபிறகு இவருடைய அறிக்கையில் மட்டும் குடியிருக்கிறது. நேற்று ஸ்டெல்லா சோதிக்கிற மாதிரி போனில் இங்கிலீஷில் ஆரம்பித்தாள், நான் பதில் சொல்லும்போது என் குரலே மாறி, சிஸ்டர் பெனடிக்டாவின் குரலாக வந்தது, மூக்கிலிருந்து, வாயைக் குவித்து. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அந்த சிஸ்டர் வகுப்பில் தமிழ் பேசினால் ஒரு சொல்லுக்கு ஐந்து பைசா அபராதம் என்று வைத்திருந்தார், மேஜைமேல் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், மூடியில் ஓட்டை. எட்டாம் வகுப்பில் ஒரு திங்கட்கிழமை நான் ஒரு முழு ரூபாயைக் கொண்டுபோய்ப் பாட்டிலில் போட்டுவிட்டு, இருபது சொல்லுக்குக் கட்டிவிட்டேன் சிஸ்டர், இந்த வாரம் பேசித் தீர்த்துக்கொள்கிறேன் என்றேன். வெள்ளை அங்கிக்குள்ளிருந்து முகம் பீட்ரூட் மாதிரி சிவந்தது. அது தண்டனை, விலை இல்லை என்று கத்தினார். எனக்கு இன்றுவரை வித்தியாசம் புரியவில்லை. அந்த ரூபாயும் திரும்பி வரவில்லை, முட்டிபோட்டதுதான் மிச்சம். இந்தக் கதையை இவரிடம் கல்யாணமான புதிதில் சொன்னேன், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, நீ பிறவிப் பொருளாதார நிபுணர் என்றார், அப்போது நல்ல மீசை இருந்தது இவருக்கு, பைக்கின் பின்னால் என்னை உட்காரவைத்து மருதமலை அடிவாரம்வரை பேசிக்கொண்டே போனார், சுதந்திரம், சுதந்திரம் என்று காற்றில் கத்திக்கொண்டு. கத்தினது எனக்காக என்று நினைத்தேன். எண்ணெய் காய்ந்துவிட்டது.

போண்டா முதல் ஈடு. எண்ணெய்ச் சத்தத்தில் ஹால் பாதிதான் கேட்கிறது. அமைப்பாளர் தேர்தல் வந்துவிட்டது போல, இது ஒன்றும் தேர்தல் இல்லை, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தலைவர் இடத்தில் உட்கார்ந்திருக்கிற மில் சண்முகசுந்தரம் ஐயா தொண்டையைச் செருமுவார், நம்ம பலராமன் தம்பியே தொடரட்டுமுங்க என்பார், ஒருமனதாக என்று யாரோ சொல்வார்கள், எல்லோரும் தட்டுவார்கள், நான் கேசரியோடு நுழைவேன். அதுதான் வழக்கம். நாடு முழுக்கப் போட்டி வேண்டும் என்று சொல்கிற அணியில் இதுவரை ஒரு போட்டியும் நடந்ததில்லை. செருமல் கேட்டது. தம்பியே தொடரட்டும் கேட்டது. ஒருமனதாக கேட்கவில்லை. எண்ணெயைச் சிறுதீயில் வைத்துவிட்டுக் காதைக் கொடுக்கிறேன். நானும் நிக்கறனுங்க என்கிறது ஒரு குரல், ஆடிட்டர் கோகுல், முப்பத்தெட்டு வயது, இவரை வெளியில் அங்கிள் என்றும் கூட்டத்தில் ஐயா என்றும் கூப்பிடுகிறவன், என்னை அக்கா என்பான், போன தடவை கேசரியில் முந்திரி கம்மி என்று சொன்ன ஒரே ஆள். அப்புறம் இவர் குரல், மெதுவாக, நொந்துபோய், கோகுலு, போட்டின்னு ஒண்ணு உள்ள வந்தா அணி ஒடைஞ்சு போயிரும்ப்பா, நமக்குள்ள எதுக்குப் போட்டி, ஒத்துமையா இருக்கறப்ப என்கிறார். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்கிறேன். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொள்கிறேன். இதைச் சொல்ல எனக்கு யாருமே இல்லை, தீப்திக்கு மெசேஜ் அனுப்பலாம், அவள் ஒரு மஞ்சள் மூஞ்சி சிரிப்பை அனுப்பிவிட்டு வேலையைப் பார்ப்பாள். யாரோ அனுபவத்துக்கு மரியாதை வேண்டாமா என்கிறார்கள், கோகுல், ஒன்பது வருஷமா ஒரே சரக்கு, மார்க்கெட்டுக்குத் தெரியட்டுமேங்க என்கிறான். சரக்கு என்று இவரையா சொன்னான், என் புருஷனையா, அவனுடைய முந்திரிக் கணக்கும் அவனும். எனக்கு ஏன் சுருக்கென்கிறது? நான் இவரை ஆயிரம் சொல்வேன், அது வேற. அடக் கடவுளே, நானும் சொல்லிவிட்டேன்.

மூன்றரை. சட்னி அரைத்து, தாளித்து, போண்டா நாற்பதும் தட்டில் ஏறி, டிகாஷன் இறங்கிக்கொண்டிருக்கிறது. கை தூக்கச் சொல்லி எண்ணுகிறார்கள். கோகுலுக்கு ஆறு, பலராமனுக்கு ஆறு, தலைவர் கை தூக்கக் கூடாது. மறுபடி எண்ணுகிறார்கள், பன்னிரண்டு கையை எத்தனை தடவை எண்ணினாலும் அது ஆறும் ஆறும்தான். அப்புறம் பேப்பர் புரட்டுகிற சத்தம், ஒரு குசுகுசுப்பு, என் பெயர். என் பெயர் எதற்கு ஹாலில் அடிபடுகிறது என்று நிற்கும்போதே ஞாபகம் வந்துவிட்டது. மாவட்டத்தில் இருபத்தைந்து உறுப்பினர் இருந்தால்தான் அணி என்று கட்சி ஒப்புக்கொள்ளும், இருந்தது பதின்மூன்று, ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளாளுக்குப் பெண்டாட்டி பெயரை எழுதிக் கொடுத்தார்கள், சண்முகசுந்தரம் ஐயா மனைவி தவறிப்போனவர், ஆக பன்னிரண்டு, மொத்தம் இருபத்தைந்து, கச்சிதம். கையெழுத்துக்கூட இவரே போட்டார், என் பெயரில் 'சு'வை எப்போதும் போடுகிற மாதிரி கோணலாக. பேர்தானே, சும்மா இருந்துட்டுப் போகட்டும் என்றார். நானும் சும்மா இருந்தேன். விதிப்படி நேரில் இருப்பவர்தான் கை தூக்கலாம், மற்ற பதினோரு பேரும் அவரவர் வீட்டில் டிவி முன்னால் இருக்கிறார்கள், நான்தான் சுவருக்கு இந்தப் பக்கம் சட்னிக் கரண்டியோடு நேரில் இருக்கிறேன். அம்மிணியைக் கூப்பிடுங்க, சட்டம்னா சட்டம்தானுங்க என்கிறார் தலைவர். கோகுல் ஆட்சேபிக்கவில்லை, சந்தோஷமாகவே சரிங்க என்றான், அவனுக்கு என்ன தெரியும், இன்று காலையிலிருந்து நடக்கிற சண்டை தெரிந்திருக்குமோ, சுவருக்குக் காது இருந்தால் அது ஆடிட்டர் காதாகத்தான் இருக்கும்.

இவர் உள்ளே வந்தார். கதவைச் சாத்தினார், இந்தச் சமையலறைக்குக் கதவு இருப்பதே இவருக்கு இன்றைக்குத்தான் தெரியும் என்று நினைக்கிறேன். சுகந்தி, ஹாலுக்கு வந்து கை தூக்கினா போதும், பேசக்கூட வேண்டாம் என்றார். சனிக்கிழமைக்கு என்ன சொல்றீங்க என்றேன். இப்ப அதையா பேசறது என்றார். இப்பத்தாங்க அதுக்கு விலை இருக்கு, அஞ்சு நிமிஷம் கழிச்சு என் கை வெறும் கை என்றேன். வீட்டுக்குள்ள பேரம் பேசாதே என்றார், காது மடல் சிவந்துவிட்டது, பெண் பார்க்க வந்த அன்றும் இப்படித்தான் சிவந்தது, காபி சூடு என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு நாக்கு அரிக்கிறது, இன்னும் பத்து வரி கைவசம் இருக்கிறது, ஒவ்வொன்றும் இவர் அறிக்கையிலிருந்தே எடுத்தது. ஆனால் இவர் அடுப்பு மேடையில் கையை ஊன்றிக்கொண்டு, மாவு ஒட்டுகிறது என்றுகூடப் பார்க்காமல், போண்டாவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பகல்ல தனியா இருந்து எனக்குப் பழக்கமில்ல, சுகந்தி. அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல."

அதைச் சொல்லிவிட்டு மாவுக் கையோடு போய்விட்டார். இந்த மனிதருக்கு இதைச் சொல்ல மூன்று வேளை சந்தையைச் சுற்றி வரவேண்டியிருந்தது. இருபத்தொன்பது வருஷம் இந்த வீட்டில் பகலில் தனியாக இருந்தவள் நான், காலை எட்டே காலுக்கு இவர் பைக் சத்தம் தெருமுனையில் கரைந்ததிலிருந்து இருட்டுகிறவரை. மதியம் இரண்டு மணிக்கு ஃபிரிட்ஜ் முனகும், அதோடு நானும் முனகுவேன், ஒருமுறை குக்கர் விசிலுக்கு வர்றேன் வர்றேன் என்று பதில் சொல்லியிருக்கிறேன். எனக்குப் பழக்கமா என்று எவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, அப்படி ஒன்றைச் சொல்லலாம் என்பதே தெரியாது. பாவமாக இருக்கிறது. கோபமாகவும் இருக்கிறது. இரண்டும் ஒரே பாத்திரத்தில் இருக்கின்றன, எது மேலே வரும் என்று பார்க்க நேரமில்லை, மூன்று ஐம்பது. இவர் தோற்றால் என்ன ஆகும்? கூட்டமெல்லாம் கோகுல் வீட்டுக்குப் போய்விடும், அமைப்பாளர் வீட்டில்தான் கூட்டம் என்பது வழக்கம், மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை. கோகுல் மனைவி சௌந்தர்யா பேங்க்கில் வேலை செய்கிறாள், இரண்டாவது சனிக்கிழமை அவளுக்கு லீவு, அந்த லீவும் உருளைக்கிழங்கு மசிக்கப் போகும், அந்தப் பெண் எனக்கு என்ன செய்தது? இவரோ காலை எட்டே காலிலிருந்து சோபாவில் உட்கார்ந்து பேப்பரைச் சத்தம்போட்டுப் படித்துக்கொண்டு, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, நான் வேலையிலிருந்து வந்ததும் இன்று இளநீர் விலை என்ன என்று சொல்லிக்கொண்டு. வேண்டாம். இவர் ஜெயிக்கட்டும். ஒன்பது வருஷத்துச் சரக்குதான், ஆனால் நம்ம சரக்கு, பேச நாலு பேர் வரட்டும், தலைவர் வரட்டும், முந்திரி கம்மி என்கிறவனும் வரட்டும். பேரம் எதுவும் வேண்டாம். கை இவருக்கு. சனிக்கிழமை எனக்கு. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பதின்மூன்று தைரியசாலிகள் காபி கலக்கக் கற்றுக்கொள்ளட்டும், டிகாஷன் எந்த டப்பா என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகிறேன்.

ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். பின்பக்கக் கொடித் துணிக்கு அடியில் நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு. நாலு மணி ஆகலையேடி என்றாள், அவளுக்கும் ஒரு கேலி. வர்றேன் என்றேன். வீட்டுல சொல்லிட்டியா என்றாள். போகட்டுமான்னு கேட்டேன், பதில் வரல, இப்ப போறேன்னு சொல்லப்போறேன் என்றேன். திங்கட்கிழமை ஒன்பதரைக்கு வந்துடு, சேலைதான் கட்டணும்னு இல்ல, ஆனா தூக்கம் கலைஞ்ச மூஞ்சியோட வராதே என்று வைத்துவிட்டாள். முடிந்தது. இவ்வளவுதானா. துணியிலிருந்து ஒரு சொட்டு கழுத்தில் விழுகிறது, நாற்பது பேர் முன்னால் முதல் வாக்கியம் என்ன சொல்வேன், குட் மார்னிங்கில் ஆரம்பிக்கலாம், அது யாருக்கும் வராமல் போகாது. அம்மிணீ என்று தலைவர் குரல் ஹாலிலிருந்து வருகிறது, வர்றனுங்க என்கிறேன், சும்மா கையை வீசிக்கொண்டு போக வெட்கமாக இருக்கிறது, எந்த வீட்டில் பெண் வெறுங்கையோடு ஹாலுக்குள் நுழைந்திருக்கிறாள். போண்டா முதலிலேயே வேண்டாம், காபி போகட்டும், ஆறிவிடும். பதின்மூன்று டம்ளரையும் பெரிய ட்ரேயில் அடுக்கி, இரண்டு கையாலும் தூக்கி, முழங்கையால் கதவைத் தள்ளினேன்.

ஹாலில் ஆறு பேர் ஏற்கெனவே கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், மறு எண்ணிக்கை நடக்கிறதாம், இறக்கினால் செல்லாமல் போய்விடுமோ என்று பயம், நடுவில் இவரும் தனக்குத்தானே கையைத் தூக்கிக்கொண்டு, விரலில் கடலைமாவோடு. எதிர்ப்பக்கம் ஆறு பேர், யாரும் தங்களை அந்தப் பக்கம் என்று எண்ணிவிடக் கூடாது என்று கையை இறுக்கிக் கட்டிக்கொண்டு. டீப்பாய் முழுக்கத் தீர்மான நகல், ஒரு டம்ளர் வைக்க இடமில்லை, தலைவர் மடியில் உறுப்பினர் புத்தகத்தை விரித்து விரலால் என் பெயரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஏங்க, நான் வேலைக்குப் போறேன், திங்கட்கிழமையிலிருந்து, ஸ்டெல்லாகிட்ட சொல்லிட்டேன் என்றேன், எல்லோர் முன்னாலும், இவர் முகத்தைப் பார்த்தே. இவர் கை ஒரு அங்குலம் இறங்கி, தலைவர் பார்ப்பதைப் பார்த்து மறுபடி மேலே போயிற்று. மேலே போனபிறகு, இவருக்கே தெரியாமல், மெதுவாக ஒரு தரம் தலையை ஆட்டினார். சரி என்றா, அப்புறம் பேசலாம் என்றா, எதுவாக இருந்தாலும் இருக்கட்டும். சந்தோஷமுங்க அம்மிணி, அதைப் பொறவு பேசிக்கலாம், இப்ப பலராமன் தம்பிக்கு ஆதரவுன்னா கையைத் தூக்குங்க என்றார் தலைவர். தூக்கத்தான் வந்திருக்கிறேன். டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசி நடுங்குகின்றன, மணிக்கட்டு இற்றுப்போகிறது, ஒரு காபி விளிம்பைத் தாண்டி என் கட்டைவிரலைச் சுடுகிறது. பதின்மூன்று பேரும் என்னைப் பார்க்கிறார்கள், ஆறு கை மேலே, ஆறு ஜோடிக் கை கட்டியபடி.

"யாராவது ஒருத்தர் இந்த ட்ரேயைக் கொஞ்சம் வாங்கிக்கங்களேன், நான் கை தூக்கணும்."